கிரிப்டோகிராபி, சிஸ்டம்ஸ் செக்யூரிட்டி, பிரைவசி: முதுநிலைப் பாடங்களை வீட்டிலிருந்தே படித்து முடிக்க முழுமையான வழிகாட்டி

ஸ்டான்ஃபோர்டில் டான் போனே நடத்தும் கிரிப்டோகிராபி, எம்.ஐ.டி.யின் 6.858 என்ற கணினி அமைப்புப் பாதுகாப்புப் பாடம், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கௌதம் காமத் நடத்திய டிஃபரன்ஷியல் பிரைவசி (தனி ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல் கூட்டத்தின் தகவலை மட்டும் வெளியிடும் முறை). இந்த மூன்று பாடங்களின் வீடியோக்களும் இணையத்தில் கிடைக்கின்றன. தொடங்குபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. முடிப்பவர்கள்தான் குறைவு.

வேலைக்குப் போய்க்கொண்டே இவற்றை முடித்தவன் நான். பிறகு சில ஆண்டுகளாக, ஞாயிறு காலைகளில் ஒரு சிறு குழுவோடு உட்கார்ந்து இவற்றைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறேன். அறிவுக் குறைவால் நின்றுபோனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசை தவறியதால் நின்றுபோனவர்களே மிகுதி. ஓர் அமைப்பு எப்படி உடைகிறது என்று கண்ணால் பார்க்கும் முன்பே அதன் பாதுகாப்பு வரையறையை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் எல்லாம் வெறும் குறியீடாகத் தெரிகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசைதான்: ஒவ்வொரு தலைப்பிலும் முதலில் உங்கள் கையால் உடையுங்கள், பிறகு வரையறையைப் படியுங்கள், அதற்குப் பிறகு நிரூபணத்தை எழுதுங்கள்.

1. தொடங்கும் முன் மூன்று சோதனைகள்

பாடப் பக்கங்களில் "நிகழ்தகவு, சி, பைத்தான் தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். எல்லோரும் "இது எனக்குத் தெரியும்" என்று தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். கீழே உள்ள மூன்றையும் ஒரு மாலையில் செய்து பாருங்கள்.

நிகழ்தகவு. 23 பேர் இருக்கும் அறையில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல். இது தெரிந்த கணக்குதான். இதையே வைத்து, 64 பிட் பிளாக் (ஒரே வீச்சில் மறைக்கும் துண்டு) கொண்ட ஒரு சைபரில் (தகவலை மறைக்கும் முறை) ஒரே கீயால் (ரகசியச் சாவி) எவ்வளவு டேட்டாவை என்கிரிப்ட் செய்தால் ஆபத்து தொடங்கும் என்று சொல்ல முடிகிறதா? சுமார் 2-இன் 32ஆம் அடுக்கு பிளாக்குகளில், மறைத்த இரண்டு பிளாக் ஒன்றாகவே அமையும் வாய்ப்பு பெரிதாகிவிடும். பிளாக்குக்கு 8 பைட். ஆக, சுமார் 32 ஜி.பி. 2016-இல் வெளியான ஸ்வீட்32 தாக்குதல், டிரிபிள் டெஸ், புளோஃபிஷ் ஆகிய 64 பிட் சைபர்களின் மேல் இந்தக் கணக்கை வைத்துத்தான் நடந்தது. இந்தத் தாவல் உங்களுக்குக் கடினமாக இருந்தால் நிகழ்தகவை ஒருமுறை புரட்டிவிட்டு வாருங்கள்.

பைட். பைத்தானில் ஹெக்ஸாக (பதினாறடிமான எண்முறையில்) எழுதப்பட்ட இரண்டு சரங்களை எடுத்து, எக்ஸார் செய்து (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறானால் 1, ஒன்றானால் 0), விடையை எழுத்தாக அச்சிடுங்கள். கோப்பில் 61 என்று இருப்பது இரண்டு எழுத்து. அதை டிகோட் செய்தால் ஒரே பைட், மதிப்பு 97. இந்த வேறுபாடு விரல் நுனியில் இல்லாவிட்டால் பின்னால் வரும் எல்லா அசைன்மென்ட்டிலும் மாட்டிக்கொள்வீர்கள். கிரிப்டோவில் வீணாகிற மாலைகளில் பாதி, கணிதத்தால் வீணாவதில்லை. ஹெக்ஸ் சரத்தை அப்படியே எக்ஸார் செய்ததால் வீணாகிறது. நானும் ஒரு முழு வாரயிறுதியை இதில்தான் இழந்தேன்.

நினைவகம். சி மொழியில் 16 பைட் அளவுள்ள ஓர் அர்ரே கொண்ட ஃபங்ஷனை எழுதி, அது ஓடும்போது ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகத்தில்) எது எங்கே இருக்கும் என்று தாளில் வரையுங்கள். அர்ரே, சேமித்துவைத்த ஃபிரேம் பாயிண்டர், ரிட்டர்ன் முகவரி மூன்றும் படத்தில் வர வேண்டும். வரையத் தெரியாவிட்டால் எம்.ஐ.டி.யின் முதல் லேப் உங்களை விரட்டிவிடும்.

மூன்றில் இரண்டு தடுமாறினால் ஒரு மாதம் ஒதுக்கிச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு மாதம் பின்னால் மூன்று மாதமாகத் திரும்பக் கிடைக்கும்.

2. லேப் கணினியைத் தயார் செய்யுங்கள்

அன்றாட வேலைக்கான கணினியில் நேரடியாக எதையும் செய்ய வேண்டாம். ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) லினக்ஸ் நிறுவுங்கள். 8 ஜி.பி. ராம் இருந்தால் வேலை நடக்கும். நிறுவியவுடன், எதையும் தொடும் முன், ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள். செக்யூரிட்டி லேப்களில் முகவரிகளை இடம் மாற்றும் பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள், பழைய நூலகங்களை நிறுவச் சொல்வார்கள். ஏதாவது குழம்பினால் திரும்பிப்போக இடம் வேண்டும்.

ஆப்பிளின் புதிய மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அவற்றில் இருப்பது ஆர்ம் சிப். பெரும்பாலான லேப்கள் எக்ஸ்86 அசெம்பிளியை நம்பி எழுதப்பட்டவை. எமுலேஷனில் ஓடும், ஆனால் மெதுவாக. பழைய இன்டெல் லேப்டாப் ஒன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் அதைத் தூசு தட்டுவது நல்லது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கற்ற தாக்குதலை "சும்மா பார்ப்போமே" என்று கல்லூரி இணையதளத்தின் மீதோ ஆபீஸ் சர்வர் மீதோ முயற்சிக்காதீர்கள். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகள் அனுமதியில்லாத அணுகலைக் குற்றமாக்குகின்றன. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். இலங்கையில் 2007-இன் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. கெட்ட எண்ணம் இருந்ததா என்பது பிறகுதான் பேசப்படும். பாடம் தரும் சர்வரும் உங்கள் விர்ச்சுவல் மெஷினும் போதும்.

3. எந்தப் பாடம் முதலில்

என் பரிந்துரை: போனேயின் ஆறு வாரக் கிரிப்டோகிராபி முதலில். அடுத்து ஒரு நிரூபண மாதம். பிறகு எம்.ஐ.டி. லேப்கள். கடைசியில் பிரைவசி.

கிரிப்டோவை முன்னால் வைக்கக் காரணம், அதன் அசைன்மென்ட்கள் சிறியவை. பைத்தான் மட்டும் போதும். ஓர் இரவில் விடை வந்துவிடும். அந்தச் சிறு வெற்றிகள் இல்லாமல் நீண்ட லேப்களுக்குள் போகிறவர்கள் களைத்துவிடுகிறார்கள். பிரைவசியைக் கடைசியில் வைக்கக் காரணம், டிஃபரன்ஷியல் பிரைவசியின் வரையறை கிரிப்டோ வரையறைகளைப் போலவே கட்டப்பட்டது. "எதிராளி இரண்டு உலகங்களைப் பிரித்தறிய முடியுமா" என்று யோசிக்கும் பழக்கம் முன்பே வந்திருந்தால் அது ஒரே நாளில் புரியும்.

இரண்டு பாடங்களை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். தொடக்கத்தில் உற்சாகத்தில் எல்லோரும் செய்வது இதுதான்; எங்கள் குழுவில் அப்படி எடுத்த யாரும் இரண்டையும் முடிக்கவில்லை.

சான்றிதழ் தேவைப்படும் இந்திய மாணவர்கள் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடத் தளத்தில் பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யின் ஆசிஷ் சௌத்ரி நடத்தும் கிரிப்டோகிராபி அடிப்படைப் பாடத்தைப் பார்க்கலாம். பன்னிரண்டு வாரம், நிரூபணங்கள் பொறுமையாக, பலகையில் எழுதுவது போல வரும். போனே வேகமாகத் தாண்டும் இடங்களை இவர் நின்று விளக்குகிறார். நான் இதை இரண்டாம் படியான நிரூபண மாதத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

4. கிரிப்டோ ஆறு வாரங்கள்: அசைன்மென்ட்டைத் தவிர்க்காதீர்கள்

நிரல் எழுதும் அசைன்மென்ட்கள் இந்தப் பாடத்தில் கட்டாயமில்லை. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நேரம் குறைவாக இருந்தால் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். அசைன்மென்ட்டை மட்டும் விடாதீர்கள்.

முதல் வாரத்தில் ஒரே கீயால் மறைத்த 11 சைபர்டெக்ஸ்ட்கள் (மறைத்த பிறகு கிடைக்கும் சரங்கள்) தருவார்கள். கடைசியில் மறைந்திருக்கும் செய்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டை எக்ஸார் செய்தால் கீ கழன்றுபோய், இரண்டு ஆங்கில வாக்கியங்களின் எக்ஸார் மட்டும் மிஞ்சும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் இடைவெளியின் மதிப்பு 32. ஆங்கில எழுத்து எதையும் 32-ஓடு எக்ஸார் செய்தால் பெரிய எழுத்து சிறியதாகும், சிறியது பெரியதாகும். ஆகவே ஒரு நெடுவரிசையில் ஒரு சைபர்டெக்ஸ்ட்டை மற்ற எல்லாவற்றோடும் எக்ஸார் செய்யும்போது பெரும்பாலும் எழுத்துகளே வந்தால், அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. அங்கே கீ கிடைத்துவிட்டது. அகராதி, யூக மென்பொருள் எதுவும் வேண்டாம். பத்து வரி நிரலும் மீதிக்குக் கண்ணும் போதும். இதைச் செய்தவருக்கு "ஒரு கீயை ஒரு முறை மட்டும்" என்ற நிபந்தனையை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

நான்காம் வாரம்தான் இந்தப் பாடத்தின் இதயம். பேடிங் ஆரகிள் தாக்குதல், 2002-இல் கிரிப்டோ ஆய்வாளர் வோதனே காட்டியது. பேடிங் என்பது கடைசி பிளாக்கை நிரப்பச் சேர்க்கும் பைட்கள்: ஒரு பைட் என்றால் 01, இரண்டு என்றால் 02 02. பேடிங் சரியா தவறா என்று சர்வரே காட்டிக்கொடுத்தால் அதுதான் ஆரகிள். பிளாக்குகளைச் சங்கிலியாகக் கோக்கும் சி.பி.சி. முறையில் ஒரு பிளாக்கை டிகிரிப்ட் செய்தபின் அதை முந்தைய சைபர்டெக்ஸ்ட் பிளாக்கோடு எக்ஸார் செய்கிறார்கள். எனவே முந்தைய பிளாக்கின் கடைசி பைட்டை நீங்கள் மாற்றினால், அடுத்த பிளாக்கின் எழுத்தில் அதே இடம் அதே அளவு மாறும். ஒரு யூகத்தை எடுத்து, முந்தைய பிளாக்கின் கடைசி பைட்டோடு யூகத்தையும் 01-ஐயும் எக்ஸார் செய்து அனுப்புங்கள். யூகம் சரியென்றால் கடைசி பைட் 01 ஆகும்; அது முறையான பேடிங். சர்வர் 404 சொல்லும் (பேடிங் சரி, ஆனால் செய்தி ஏற்கப்படவில்லை). தவறென்றால் 403 (பேடிங் தவறு). ஒரு பைட்டுக்கு அதிகம் போனால் 256 முயற்சி, 16 பைட் பிளாக்குக்கு 4096. கீயைத் தொடவே இல்லை, எழுத்து வந்துவிடும்.

வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவதை, குழுவில் ஒரு தம்பி ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்த உரையாடலாகவே சொல்கிறேன்.

"அண்ணா, மத்த பிளாக் எல்லாம் அழகா வந்துடுச்சு. கடைசி பிளாக் மட்டும் ரெண்டாவது பைட்லயே நின்னுடுது. 256-உம் போட்டுப் பாத்துட்டேன்."

"முதல் பைட்டுக்கு என்ன யூகம் எடுத்துக்கிட்ட?"

"01. முதல் முயற்சியிலயே சரின்னு வந்துச்சுண்ணா."

"சர்வர் 404 சொல்லுச்சா, 200 சொல்லுச்சா?"

கொஞ்ச நேரம் அமைதி. "200. 403 இல்லாட்டி சரின்னு எழுதியிருக்கேன்."

யூகம் 01 என்றால் 01-உம் 01-உம் எக்ஸாரில் அடித்துக்கொண்டு போய்விடும். சைபர்டெக்ஸ்ட் மாறாமல் அப்படியே போகும். மாறாத செய்தியை சர்வர் ஏற்கத்தானே செய்யும்? அதுதான் 200. கடைசி பிளாக்கில் 200 வந்தால் அதைத் தனியே வைத்துவிட்டு மற்ற யூகங்களையும் முயல வேண்டும். வேறு எதற்கும் 404 வராவிட்டால்தான் உண்மையான பைட் 01.

இரண்டாவது, கண்டுபிடித்த பைட்டை அடுத்த சுற்றில் மறந்துவிடுவது. இரண்டாம் பைட்டைத் தேடும்போது பேடிங் 02 02 ஆக வேண்டும். எனவே ஏற்கெனவே தெரிந்த கடைசி பைட்டும் 02 ஆகும்படி மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மூன்றாவது, அரிதாக நடப்பது: 01 தேடும்போது தற்செயலாக 02 02 அமைந்து தவறான யூகம் சரி என்று வந்துவிடும். முன்னால் இருக்கும் பைட்டையும் கலைத்துவிட்டு அதே யூகத்தை மீண்டும் கேட்டால் தெரிந்துவிடும்.

இதை முடித்த அன்றைக்கே, உடம்பில் சூடு ஆறும் முன், ஆத்தென்டிகேட்டட் என்கிரிப்ஷன் வரையறையைப் படியுங்கள். சைபர்டெக்ஸ்ட்டை எதிராளி திருத்தி அனுப்பினால் ஏற்கக் கூடாது என்று அந்த வரையறை ஏன் தனியாகக் கேட்கிறது, என்கிரிப்ட் செய்த பிறகு மேக் (செய்தி மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரை) இடுவது ஏன் சரியான வரிசை, என்பதெல்லாம் விளக்கமில்லாமலே விளங்கும். வீடியோ பாடத்தில் இந்த வரையறை அசைன்மென்ட்டுக்கு முன்னால் வந்துவிடும். பரவாயில்லை, ஒருமுறை கேட்டுவிட்டு, அசைன்மென்ட் முடித்துத் திரும்ப வாருங்கள்.

ஐந்தாம் வாரத்தில் 2-இன் 40ஆம் அடுக்குக்குள் இருக்கும் ஓர் எண்ணைத் தேடும் டிஸ்க்ரீட் லாக் கணக்கு (அடுக்கேற்றிய விடையிலிருந்து அடுக்கைக் கண்டுபிடிப்பது). பாதியைப் பிரித்து அட்டவணை போட்டால் சுமார் பத்து லட்சம் உருப்படிகள். அட்டவணையைப் பைத்தான் லிஸ்ட்டில் வைத்துத் தேடினால் பத்து லட்சத்தைப் பத்து லட்சம் முறை புரட்டுவீர்கள். டிக்‌ஷனரியில் வையுங்கள், நிமிடங்களில் முடியும். ஆறாம் வாரத்தில் நெருங்கிய இரண்டு பகா எண்களின் பெருக்கலைப் பிரிக்க வர்க்கமூலம் தேவை. சாதாரண வர்க்கமூலம் தசம எண்ணாக வந்து கடைசி நூற்றுக்கும் மேற்பட்ட இலக்கங்களை விழுங்கிவிடும். முழு எண் வர்க்கமூலத்துக்கான ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள்.

ஆறு வாரம் என்று போட்டிருந்தாலும் வேலையில் இருப்பவர்கள் ஒன்பது வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. நிரூபண மாதம்

இங்கேதான் பாதிப் பேர் பாதை மாறுகிறார்கள். "நான் பிராக்டிகல் ஆள், நிரூபணம் வேண்டாம்" என்பார்கள். முதுநிலைப் பாடத்தையும் சாதாரணப் பயிற்சி வகுப்பையும் பிரிக்கிற கோடு இதுதான். போனேயும் விக்டர் ஷூப்பும் எழுதிய முதுநிலைப் பாடநூல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முழுவதும் வேண்டாம். ஸ்ட்ரீம் சைபர், பிளாக் சைபர், சி.பி.ஏ. பாதுகாப்பு (எதிராளி தான் தேர்ந்த செய்திகளை மறைக்கச் சொல்லிப் பார்த்தாலும் உடையாதது), மேக், ஆத்தென்டிகேட்டட் என்கிரிப்ஷன் அத்தியாயங்களின் பயிற்சிகளில் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு போதும்.

ரிடக்‌ஷன் (ஒன்றை உடைப்பவரை வைத்து இன்னொன்றை உடைத்துக் காட்டும் நிரூபணம்) எழுதும் முறையை மிகச் சின்ன எடுத்துக்காட்டில் பழகுங்கள். நம்மிடம் பாதுகாப்பான ஒரு ராண்டம் ஜெனரேட்டர் (சிறு கீயிலிருந்து ராண்டம் போன்ற நீண்ட சரம் தருவது) இருக்கிறது. அதன் விடையின் எல்லா பிட்டையும் தலைகீழாக்கிப் புதிய ஜெனரேட்டர் செய்கிறோம். அதுவும் பாதுகாப்பானதா?

புதியதை உடைக்கும் எதிராளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரை வேலைக்கு வைத்துப் பழையதை உடைப்பவராக நாம் மாறுவோம். நமக்கு ஒரு சரம் தரப்படுகிறது. பழைய ஜெனரேட்டரிலிருந்து வந்ததா, உண்மையான ராண்டமா என்று சொல்ல வேண்டும். எல்லா பிட்டையும் புரட்டி அவரிடம் கொடுக்கிறோம். அவர் சொல்லும் விடையையே நாமும் சொல்கிறோம். வந்தது ஜெனரேட்டரின் சரம் என்றால் அவர் பார்ப்பது புதிய ஜெனரேட்டரின் சரம். வந்தது ராண்டம் என்றால் புரட்டியதும் ராண்டமே. ஆகவே அவர் எவ்வளவு வெல்கிறாரோ அவ்வளவு நாமும் வெல்கிறோம். பழையது பாதுகாப்பானது என்று வைத்ததால் அப்படி ஓர் எதிராளி இருக்க முடியாது.

அடுத்து, ஜெனரேட்டரின் விடையை இரண்டு முறை ஒட்டிவைத்தால் பாதுகாப்பானதா என்று கேளுங்கள். இல்லை, இரண்டு பாதியும் ஒன்றா என்று பார்த்தாலே பிடித்துவிடலாம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதுபவருக்கு, எப்போது நிரூபணம் தேட வேண்டும், எப்போது தாக்குதல் தேட வேண்டும் என்ற மூக்கு வளரத் தொடங்கும்.

நான் திருத்திய தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்: ரிடக்‌ஷனைத் தலைகீழாக எழுதுவது, அதாவது பழையதை உடைப்பவரை வைத்துப் புதியதை உடைப்பது. நம்மிடம் இல்லாத கீயை நாமே பயன்படுத்துவது. எதிராளி கேட்கும் கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று எழுதாமல் விடுவது. மூன்றுக்கும் ஒரே மருந்துதான். சேலஞ்சர் (நமக்குச் சவாலைத் தருபவர்), நாம், எதிராளி என்று மூன்று பெட்டிகள் வரைந்து, எந்தப் பெட்டியிலிருந்து எதற்கு என்ன போகிறது என்று அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். கீ சேலஞ்சர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், கோட்டைத் தாண்டாது.

6. எம்.ஐ.டி. லேப்கள்

6.858-இன் 2014 விரிவுரைகள் எம்.ஐ.டி.யின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் இருக்கின்றன. பாடம் இப்போது 6.5660 என்ற எண்ணில் நடக்கிறது. எந்த ஆண்டின் லேப்பை எடுத்தாலும் அந்த ஆண்டின் விர்ச்சுவல் மெஷினையே எடுங்கள். ஓர் ஆண்டின் கையேட்டை இன்னோர் ஆண்டின் மெஷினில் ஓட்டினால் முகவரிகள், நூலகங்கள் எதுவும் பொருந்தாது.

முதல் லேப், சி-யில் எழுதிய சிறு வெப் சர்வரில் பஃபர் ஓவர்ஃப்ளோ (அர்ரேயின் அளவைத் தாண்டி எழுதுவது). நிரலைத் தொடும் முன் மூன்று வேலைகள். சர்வரின் மூலநிரலை முழுக்க ஒரு முறை படியுங்கள். நீளம் பார்க்காமல் எழுதும் இடங்களைக் குறியுங்கள். ஒன்றைத் தேர்ந்து அதன் ஸ்டாக்கைத் தாளில் வரையுங்கள். அதன்பிறகே டிபக்கரை (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியை) திறக்க வேண்டும். படம் இல்லாமல் டிபக்கருக்குள் போனால் எண்களின் காட்டில் நடப்பது போல இருக்கும்.

டிபக்கருக்குள் வேலை செய்த தாக்குதல் வெளியே வேலை செய்யாமல் போகும். இது எல்லோருக்கும் நடக்கும். டிபக்கர் சில சூழல் மாறிகளைச் சேர்ப்பதால் ஸ்டாக் சற்று நகர்ந்துவிடுகிறது. நீங்கள் குறித்துவைத்த முகவரி தவறிவிடுகிறது. அதனால் சர்வரை டிபக்கரிலிருந்து தொடங்காமல், சூழலைத் துடைத்துத் தொடங்கப் பாடமே தரும் ஸ்கிரிப்டால் ஓட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடு டிபக்கரை இணையுங்கள்.

முகவரியைப் பைட் வரிசை மாற்றி எழுதுவதை மறக்காதீர்கள். 08 04 92 10 என்ற முகவரி நினைவகத்தில் 10 92 04 08 என்றுதான் இருக்கும். முகவரிக்குள் 00 பைட் வந்தால் சரத்தைப் பிரதியெடுக்கும் ஃபங்ஷன் அங்கேயே நின்றுவிடும். சர்வர் வரியின் முடிவாகக் கருதும் பைட்களும் அப்படியே. "சர்வர் விழுந்துவிட்டது, ஆனால் என் நிரல் ஓடவில்லை" என்பவர்களுக்கு நான் முதலில் கேட்பது, விழுந்த நேரத்தில் இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயிண்டரில் (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியில்) என்ன இருந்தது என்பதுதான். உங்கள் எண் அங்கே தெரிந்தால் முகவரி தவறு. பாதி தெரிந்தால் தூரக் கணக்கில் சில பைட் பிசகு.

இரண்டாம் லேப் சர்வரைப் பல துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் குறைந்த அனுமதி மட்டும் தருவது. வேலை நடக்கவில்லை என்றவுடன் எல்லாக் கோப்புக்கும் 777 (எல்லோருக்கும் எல்லாம்) அனுமதி கொடுத்துவிடுவார்கள். சோதனை பச்சையாகும், பாடம் கைநழுவும். எந்தச் சேவைக்கு எந்தக் கோப்பு எதற்காகத் தேவை என்று ஓர் அட்டவணை எழுதி, ஒவ்வொரு பிழைச்செய்திக்கும் ஒரே ஓர் அனுமதியை மட்டும் திறந்துகொண்டே போங்கள். மெதுவாகத்தான் போகும். எனக்கு எந்தப் பாடத்தையும்விட ஆபீஸ் வேலையில் அதிகம் உதவியது இந்த அட்டவணைப் பழக்கம்.

விரிவுரைகளுக்கு முன் ஒரு வேலை உண்டு. எம்.ஐ.டி. மாணவர்கள் வகுப்புக்கு வரும் முன் அன்றைய ஆய்வுக் கட்டுரையைப் படித்து, ஒரு கேள்விக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். நீங்களும் அதையே செய்யுங்கள். கட்டுரை படிக்காமல் அந்த வீடியோக்களைப் பார்ப்பது, கதை தெரியாமல் கூத்தை நடுவில் பார்ப்பது போல.

7. பிரைவசி: பெயரை அழித்தால் போதாது என்பதிலிருந்து

காமத்தின் சி.எஸ். 860 பாடம், 2020-இல் நடந்தது, யூடியூபில் முழுதாக இருக்கிறது. முதல் வீடியோவுக்கு முன் வீட்டிலேயே ஒரு விளையாட்டு.

ஒருவர் உண்மையைச் சொல்லத் தயங்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ரகசியமாக நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை. பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி, தலைக்கு "ஆம்", பூவுக்கு "இல்லை". 100 பேரில் 40 பேர் "ஆம்" என்றால் உண்மையான "ஆம்" எவ்வளவு? விகிதத்தை இரட்டித்து அரையைக் கழிக்க வேண்டும்: 0.8 கழித்தல் 0.5. சுமார் 30 பேர். தனி ஒருவரின் "ஆம்" எதையும் உறுதியாகச் சொல்லாது. கூட்டத்தின் எண் மட்டும் கிடைக்கிறது. உண்மையில் "ஆம்" உள்ளவர் "ஆம்" சொல்லும் வாய்ப்பு நான்கில் மூன்று, இல்லாதவருக்கு நான்கில் ஒன்று. இந்த மூன்று மடங்கு விகிதத்தின் லாகரிதம்தான் எப்சிலான், அதாவது பிரைவசி இழப்பின் அளவு. வரையறை இப்போது கண்ணுக்குப் பழகிய ஒன்றாகிவிட்டது.

அடுத்து, எண்ணிக்கைக்கு லாப்லாஸ் இரைச்சல் (லாப்லாஸ் பரவலிலிருந்து எடுத்த ராண்டம் எண்) சேர்ப்பதை நிரலாக எழுதுங்கள். ஒருவர் சேர்ந்தாலோ விலகினாலோ எண்ணிக்கை 1 மாறும். எப்சிலான் 0.5 என்றால் இரைச்சலின் அளவு 2. விடை சராசரியாக மூன்றுக்குள் ஆடும். இனி அதே கேள்வியை 100 முறை கேட்டு, விடைகளைச் சராசரி எடுங்கள். ஆட்டம் 0.3-க்குக் கீழே இறங்கி, உண்மை எண் பளிச்சென்று தெரியும். எப்சிலான் 0.5 தானே என்று நினைத்தவர் உண்மையில் செலவழித்தது 50. பிரைவசி ஒரு பட்ஜெட் என்று வீடியோவில் நூறு முறை கேட்பதைவிட இந்த ஒரு நிரல் ஆழமாகப் பதியும்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது "அண்டை" தரவுத்தொகுப்பு என்றால் என்ன என்பதில். ஒருவரைச் சேர்ப்பது, நீக்குவது என்று வைத்தால் ஹிஸ்டோகிராமில் (பெட்டிவாரியான எண்ணிக்கையில்) மாற்றம் 1. ஒருவரை இன்னொருவராக மாற்றுவது என்று வைத்தால் 2, ஏனென்றால் ஒரு பெட்டி குறைந்து இன்னொன்று கூடும். படிக்கும் ஒவ்வொரு கட்டுரையிலும் எது வைத்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துவிட்டுத் தொடருங்கள்.

நீங்கள் எழுதிய நிரலை உண்மையான தரவில் பயன்படுத்தாதீர்கள். கணினியின் தசம எண்கள் முழுமையானவை அல்ல என்பதால், லாப்லாஸ் இரைச்சலின் கடைசி பிட்கள் வழியே உண்மை விடை கசியும் என்று 2012-இல் இல்யா மிரோனவ் காட்டினார். கணிதத்தில் நிரூபித்த ஒன்று நிரலில் உடைவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

8. ஆய்வுக் கட்டுரைக்குப் போகும் படி

யூசெனிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டின் கட்டுரைகளும் கிரிப்டோ ஆய்வாளர்களின் அமைப்பான ஐ.ஏ.சி.ஆர்.-இன் இ-பிரின்ட் தளமும் எல்லோருக்கும் திறந்தவை. முதல் கட்டுரையாக, நீங்கள் ஏற்கெனவே கையால் செய்த தாக்குதலைப் பற்றியதையே எடுங்கள். பேடிங் ஆரகிள் செய்தவர் 2013-இன் லக்கி தர்ட்டீன் அல்லது 2014-இன் பூடில் கட்டுரையைப் படித்தால் பாதி தெரிந்ததாகவே இருக்கும். மீதிப் பாதியில் கவனம் செலுத்தலாம்.

முதலில் தேட வேண்டியது முடிவை அல்ல, எதிராளியை. அவர் எதைப் பார்க்கிறார், எதை மாற்றலாம், எத்தனை முறை கேட்கலாம், எது அவருக்குத் தெரியாது. இந்த நான்கையும் உங்கள் வார்த்தையில் தமிழில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று அர்த்தம். நிரூபணமோ அளவீடோ அதற்குப் பிறகுதான்.

9. மாட்டிக்கொள்ளும்போது

ஓர் அசைன்மென்ட்டில் நின்றுவிட்டால் மூன்று நாள் வரை விடையைத் தேட வேண்டாம். இணையத்தில் தீர்வுகள் கொட்டிக் கிடக்கின்றன, சாட்பாட்டும் நொடியில் எழுதித் தரும். அதை வாங்கி ஓட்டினால் பேடிங் ஆரகிளில் 200-க்கும் 404-க்கும் உள்ள வேறுபாடு உங்கள் கண்ணில் படவே படாது. மூன்று நாளுக்குப் பிறகும் நகராவிட்டால் விடையைக் கேட்காமல், நிரலின் ஒரு சுற்றில் ஒவ்வொரு பைட்டும் என்னவாக இருக்க வேண்டும் என்று தாளில் எழுதி, அதை நிரல் அச்சிடுவதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான பிழைகள் அந்த ஒப்பீட்டில் மாட்டும்.

கூட ஒருவர் படித்தால் நல்லது. மூன்றுக்கு மேல் போனால் யாராவது ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். இருவராக, தனித்தனிக் கணினியில், வாரம் ஒருமுறை ஒருவர் நிரூபணத்தை மற்றவர் திருத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த அசைன்மென்ட் விடைகளை கிட்ஹப்பில் பொதுவில் போடாதீர்கள். பாட விதிகள் அதைத் தடுக்கின்றன, பின்னால் வருபவரின் மூன்று நாளையும் அது பறிக்கும். வேலைக்குக் காட்ட ஏதாவது வேண்டுமென்றால், எட்டாம் படியில் படித்த கட்டுரைகளில் ஒன்றின் ஓர் அளவீட்டை உங்கள் விர்ச்சுவல் மெஷினில் திரும்பச் செய்து, கட்டுரையில் வந்த எண்ணும் உங்களுக்கு வந்த எண்ணும் எங்கே விலகின, ஏன் விலகின என்று நான்கு பக்கத்தில் எழுதி அதைப் போடுங்கள்.